வெள்ளிக்கிழமை தேதி போட்ட கார்டு

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆசீர்வாதம். அடுத்த வரியில் ‘இவ்விடம் க்ஷேமம்’ என்று எழுதிப் பழகிய கை இன்று அங்கேயே நின்றுவிட்டது. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கும் முழங்கால் வலியைத் தவிரக் குறைவில்லை. ஸ்ரீவராகம் தெரு போட்டது போட்டபடி இருக்கிறது. ஆனாலும் உன் கடிதம் வந்த புதன்கிழமையிலிருந்து இந்த வீட்டில் க்ஷேமம் இல்லை, அதற்கு நீ காரணமும் இல்லை. நீளமாக எழுதப் போகிறேன். யுத்த காலத்தில் காகிதம் கிடைக்கிற கிடைப்பில் இத்தனை தாள் செலவழிக்கிறாரே என்று நீ நினைப்பாய். பதினோரு வருஷமாக எழுதாமல் விட்டதை எழுத இவ்வளவாவது வேண்டும்.

உன் கடிதத்தில் நல்ல சேதிதான் முதலில் இருந்தது. மதுரையில் உன் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு, விளையாட்டுக்காக ஒதுக்கிய இடங்களுக்குப் பையன்களைப் பொறுக்குகிற பொறுப்பையும் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மைதானத்தில் ஓடவும் ஆடவும் விட்டுப் பார்த்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டாய், லிஸ்ட் அடுத்த வாரம் பிரின்ஸிபால் கையெழுத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேதான் அந்தச் சங்கதி. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பையன், பரீட்சை ஓட்டம் முடிந்த மறுநாள் வந்து நின்றானாம். கார்டு தாமதமாகக் கிடைத்தது என்றானாம். ‘தபாலின் மேல் பழி போடுவது எல்லாரும் செய்கிறதுதான். ரூல் ரூல்தான் தம்பி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் பிள்ளை அல்லவா நான்!’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தாய்.

முதல் தடவை படித்தபோது எனக்கு வெட்கமில்லாமல் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிறது மாதிரி கேட்டது. ‘ரூல் ரூல்தான் தம்பி’ என்பது என் வார்த்தை. வீட்டில் நான் அதைச் சொல்லி நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். ஆபீஸில் அதை நான் யாரிடம், எந்த நாளில், எப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. “என்னத்துக்காக்கும் நிறுத்திட்டேள்? மேலே வாசிங்கோ,” என்றாள் அம்மா. கண்ணாடியில் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

நம் ஊர்க் காலேஜில் நான் ஹெட் கிளார்க்காக இருந்த நாளில் இன்டர்மீடியட்டுக்குப் பையன்களைச் சேர்க்கும் விதம் உனக்கு ஓரளவு தெரியும். அப்ளிகேஷன்கள் வந்து குவியும். நான் மார்க்குப்படி அடுக்கி லிஸ்ட் எழுதுவேன். மேலே இருக்கிறவர்களுக்கு இடம், கீழே இருக்கிறவர்களுக்கு வருத்தம் தெரிவிக்கும் கார்டு. இதில் பிரின்ஸிபால் துரை மாத்திரம் இரண்டு மூன்று இடத்தை மூடி வைத்துக்கொள்வார். ‘கேம்ஸ் லிஸ்ட்’ என்று அதற்குப் பெயர். மாகாணக் காலேஜ்களோடு பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். கால் ஓடுகிற பையனுக்குத் தலை கொஞ்சம் நொண்டினாலும் பரவாயில்லை என்பார். எனக்கு அந்த லிஸ்டைக் கண்டாலே வயிறு எரியும். நான் மெட்ரிகுலேஷனில் நல்ல மார்க்கு வாங்கியும் மேலே படிக்க வழியில்லாமல் பத்தொன்பது வயதில் நாற்காலியில் உட்கார்ந்தவன். ராத்திரி பகலாகப் படித்த பையன் வெளியே நிற்க, பந்தை உதைத்தவன் உள்ளே போகிறான் என்று ஆபீஸில் எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுப்பேன். துரையிடமே ஒருமுறை பணிவாகச் சொன்னேன். “மிஸ்டர், மார்க்கு வாங்குகிறவனுக்கு வீட்டில் விளக்கு இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார். சிலருக்குக் கால் மட்டும்தான் இருக்கிறது,” என்றார் அவர். அப்போது அது எனக்கு வெள்ளைக்காரன் பேச்சாகத்தான் பட்டது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். உனக்குப் பதினேழு வயது. கோட்டைக்கு வெளியே அறுவடை முடிந்த வயலில் சாயங்காலம் பந்து உதைத்துவிட்டு நீ வரும்போது அம்மா கொல்லை வாசலில் செம்போடு நிற்பாள். தோல் பந்தைத் தொட்டவன் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ளாமல் உள்ளே வரக்கூடாது. பந்து மாட்டுக்கொட்டிலைத் தாண்டி வரக்கூடாது. “மதி மதி, போதும், அங்கேயே நில்லு! ஜெயிச்சாயாக்கும், ஜெயிச்சா பந்து பசுவாயிடுமோ?” என்று அவள் கத்துவாள், நீ சிரித்துக்கொண்டே தலையைக் குனிவாய். நான் அதையெல்லாம் பார்த்தும் பாராதவன் மாதிரி இருந்தேன். பரீட்சை முடிவு வந்தது. கணக்கில் நீ விழுந்து எழுந்த மாதிரி ஒரு மார்க்கு. என் கையாலேயே எழுதிய லிஸ்டில் உன் பெயர் கோட்டுக்குக் கீழே வெகுதூரத்தில் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், விளையாட்டும் ஒரு வித்தைதானே, சர்க்கார் அதற்கு இடம் ஒதுக்கினால் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் தோன்றாதது எப்படி அன்று தோன்றியது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் பெயரைக் கேம்ஸ் லிஸ்டுக்கு அனுப்பியது தப்பில்லை. நீ நன்றாகவே ஆடுகிறவன், உங்கள் ஸ்கூல் டிரில் மாஸ்டரே எழுதிக்கொடுத்தார். அந்த வருஷம் இரண்டு இடம் நிரம்பி, முன்னால் ஆடுகிறவனுக்கு என்று ஒரே ஒரு இடம் பாக்கி. அதற்கு இரண்டு பெயர். ஒன்று நீ. இன்னொன்று ஞானமுத்து என்று ஒரு பையன். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் அவன் அப்பா ஏசுவடியான் தபால் ஆளாக இருந்தார். வாரம் ஒருமுறை மலையை விட்டு விதுரைக்கு இறங்கி, எஸ்டேட்டுக்கு வந்த கடிதங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதுதான் வேலை. பையன் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவன். இடது காலால் அவன் அடிக்கிற பந்தை நிறுத்த ஆள் கிடையாது என்று அந்த ஸ்கூல் பாதிரியார் துரைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். மார்க்கும் உன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்ளிகேஷன் ஓரத்தில் அவனே அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். லீவில் மலையில் இருப்பேன், எஸ்டேட் தபால் பை சனிக்கிழமை காலையில் மட்டும்தான் விதுரையிலிருந்து வரும், ஆகையால் கூப்பிடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் கிடைக்கும்படி எழுத வேண்டுகிறேன் என்று. அதை ஆபீஸில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்ளிகேஷன்களைப் பிரித்துச் சுருக்கம் எழுதி துரைக்கு வைப்பது என் வேலை. நான் எழுதிய சுருக்கத்தில் அந்தக் குறிப்பு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் துரை என்னைக் கூப்பிட்டு, “வருகிற வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரையும் மைதானத்தில் ஆடவிட்டுப் பார்க்கிறேன். கார்டு எழுதிவிடு. அந்த மலைப்பையனுக்கு நேரத்தோடு கிடைக்கவேண்டும்,” என்றார். நான் உட்கார்ந்து கார்டு எழுதினேன். அன்றைய தேதியைப் போட்டேன். அனுப்புகிற ரிஜிஸ்தரில் அன்றைய தேதியிலேயே பதிந்தேன். அன்று நாலு மணிக் கடிதக் கட்டோடு போனால் சர்க்கார் அஞ்சலில் இரவோடு இரவாக விதுரை போய், சனிக்கிழமை காலைப் பையில் ஏறிவிடும். மறுநாள் போனால் விதுரையில் ஒரு வாரம் கிடந்து, ஆட்டம் முடிந்த மறுநாள் மலை ஏறும். இது எனக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. நாலு மணிக்குப் பியூன் நாணு பிள்ளை கடிதக் கட்டோடு என் மேஜைக்கு வந்தான். கார்டு என் முன்னால் மை ஒற்றும் காகிதத்தின் மேல் கிடந்தது. “சாரே, போனக்காட்டு கார்டு இன்னு அயக்கண்டே?” என்றான், இன்றைக்கு அனுப்ப வேண்டாமா என்று. நான் தலையைத் தூக்காமல், “நாளைக்குப் போனா மதி,” என்றேன்.

அவ்வளவுதான் வெங்கிட்டு. நான் கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை, விலாசத்தை மாற்றவில்லை. மறுநாள் சனிக்கிழமை ஒழுங்காக அனுப்பினேன். எழுதின கடிதம் மறுநாள் கட்டோடு போவது எங்கள் ஆபீஸில் சாதாரணம், யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்த எஸ்டேட் துரைக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். தந்தி சர்க்கார் அவசரத்துக்கு மட்டும் என்று ரூல் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். இன்னும் என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டேன். மலையில் பிறந்தவன், அவனுக்கு எஸ்டேட்டிலேயே ஒரு வேலை கிடைக்காமலா போகும் என்றேன். நம் தெருவில் கால் வைக்கக் கூடாதவன் காலேஜில் உன் பக்கத்தில் உட்காரப் போகிறானா என்ற நினைப்பும் ஒரு மூலையில் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அதைச் சொல்லித்தான் ஊரில் முக்கால்வாசி அநியாயம் நடக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் நீ தனியாக ஆடினாய். காலேஜ் டீமோடு உன்னைச் சேர்த்துவிட்டார்கள். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இடவப்பாதி மழை அப்போதுதான் விட்டு மைதானம் சேறாக இருந்தது. நீ இரண்டு பேரைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டாய். துரை கைதட்டினார். எனக்கும் கண் நிறைந்தது, அது பொய்யில்லை. உன் ஆட்டமும் பொய்யில்லை. ஆனால் அவன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இனிமேல் எவருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை நீயே ஜெயித்திருப்பாய். ஜெயித்தேன் என்று நீ நிம்மதியாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையை உனக்குத் தெரியாமலே உன்னிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். உன்மேல் நம்பிக்கை இருந்தால் அந்தக் கார்டை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருப்பேன் அல்லவா? அந்த இடத்தில்தான் நான் அவனுக்குச் செய்ததோடு உனக்கும் துரோகம் செய்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போது வாசலில் அவன் நின்றான். கறுத்து, மெலிந்து, முழங்கால் வரை சேறு காய்ந்து கிடந்தது. கையில் கார்டு. “ஐயா, கார்டு முந்தாநாள்தான் கெடச்சுது ஐயா. கெடச்ச ஒடனே எறங்கி ஓடியாந்தேன். வரும்போது காலேஜ் கேட்டு பூட்டியிருந்துது. நேத்து ஞாயித்துக்கிழமை, வெளியிலயே இருந்துட்டேன்,” என்றான். ஆட்டம் முடிந்து லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது என்றேன். “ஒரே ஒரு வாட்டி ஆடிக் காட்டுறேன் ஐயா. தொரை பாக்கட்டும். பிடிக்கலைன்னா போயிருதேன்,” என்றான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதட்டியிருப்பேன். கார்டின் தேதியை விரலால் காட்டி, “பத்து நாளைக்கு முன்னாலேயே எழுதியாச்சே. நீ தாமதமா வந்தா காலேஜ் என்ன பண்ணும்? ரூல் ரூல்தான் தம்பி,” என்றேன். அவன் அந்தத் தேதியைப் பார்த்தான். அதுவரை அவன் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

துரை அன்று சாயங்காலம் கேட்டார். ரிஜிஸ்தரை எடுத்துக் காட்டினேன், வெள்ளிக்கிழமைத் தேதி, என் கையெழுத்து. “பாவம்,” என்று சொல்லி மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ரிஜிஸ்தரில் மறைக்கலாம். நீ காலேஜில் சேர்ந்தாய், ஆடினாய், பி.ஏ.யும் முடித்தாய். படிப்பிலும் பிற்பாடு பிடித்துக்கொண்டாய். ஒவ்வொரு வருஷமும் நீ மேலே போகப் போக, நல்லதுதானே நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஐந்து வருஷம் கழித்து ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் பூட்டு வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருவன் தேயிலை வெட்டுகிற கத்திகளை எண்ணி எடுத்துக்கொண்டிருந்தான். “ஐயா, காலேஜ் ஆபீஸ் ஐயாதானே?” என்றான். ஞானமுத்து. எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறானாம். நல்ல உத்தியோகம்தானே என்று எனக்கு ஒரு நிமிஷம் மனம் லேசானது. என்னிடம் அவனுக்குக் கோபமே இல்லை, அதுதான் ஆச்சரியம். “நீங்க என்ன பண்ணுவீங்க ஐயா, நீங்க நேரத்துக்குத்தான் எழுதியிருந்தீங்க,” என்றான். அப்பா சௌக்கியமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவன் முகம் மாறியது.

“அவர்கூட நான் பேசுறதில்ல ஐயா. வெள்ளிக்கிழமை எழுதின கார்டு அந்தச் சனிக்கிழமைப் பையிலயே வந்திருக்கணும். பையைக் கொண்டாந்தது அவருதான். ஒரு வாரம் மறைச்சு வச்சு, ஆட்டம் முடிஞ்ச பொறவு கொடுத்திருக்காரு. மலையை விட்டுப் போனா நீ திரும்ப மாட்டேன்னு அவரு எப்பவும் சொல்லுவாரு. வேதப் புத்தகத்து மேல கையை வச்சுச் சத்தியம் பண்ணுறாரு ஐயா, பொய்ச் சத்தியம்! அதுதான் எனக்குப் பொறுக்கல. அன்னைக்கே வீட்டை விட்டு வேற லயத்து வீட்டுக்குக் குடி போயிட்டேன்.”

அஞ்சல் முத்திரையைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். முத்திரை விழுந்த ஓரம் மட்டும் மழையில் ஊறி அழிந்துபோயிருந்தது என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, “காலேஜ் ஆபீஸா ஐயா தேதியை மாத்திப் போடும்?” என்றான். அங்கே அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரனிடம் பூட்டு விலை கேட்டேன். ஞானமுத்து கத்திக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாரேன் ஐயா என்று மரியாதையாக விடைபெற்றான். பூட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

ஏன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். அப்போதுதான் உனக்கு மதுரையில் வேலை கிடைத்திருந்தது. எனக்குப் பென்ஷனுக்கு ஒரு வருஷம் பாக்கி. சொன்னால் உன் காதுக்கு வரும், நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்று பயந்தேன். யோசித்துப் பார். என் பிள்ளை என்னோடு பேசாமல் போய்விடுவானோ என்று பயந்து, இன்னொருவர் தம் பிள்ளையோடு பேச முடியாமல் இருப்பதைத் தெரிந்தே விட்டுவிட்டேன். அந்த ஏசுவடியானை நான் கண்ணால் பார்த்ததில்லை. வாராவாரம் மலை இறங்கி ஏறி மற்றவர்கள் கடிதத்தையெல்லாம் பத்திரமாகக் கொண்டுசேர்த்த மனிதர், ஒரே ஒரு கடிதத்தை மறைத்தார் என்று பெற்ற பிள்ளையாலேயே பொய்யர் ஆனார். கார்டைச் சனிக்கிழமை அனுப்பினேனே, தேதியையாவது சனிக்கிழமை என்று போட்டிருக்கக் கூடாதா? ரிஜிஸ்தர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை போட்டேன். ஆபீஸ் மூளைக்கு ரிஜிஸ்தர் சுத்தமாக இருந்தால் போதும்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். உன் படிப்பு, உன் கோல், துரை கைதட்டியது எல்லாம் அவளுக்கு மனப்பாடம், தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். அவள் வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பிள்ளை இருவரும் பேசுவதில்லை என்று நான் சொன்னதும் மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தாள். “அந்தத் தபால்காரர் ஆத்துக்காரி ரெண்டு பேருக்கும் நடுவிலே எப்படி இருந்திருப்பள்? யார் பக்கம் சாதம் போடுவள்?” என்றாள். “என் பிள்ளைக்காகவாக்கும் பண்ணினேள்? என் பிள்ளை கேட்டானோ உங்ககிட்ட?” என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. காபி வருகிறது, சாதம் வருகிறது, ஆள் பேசுவதில்லை. நியாயம்தான்.

இப்போது உன் சங்கதிக்கு வருகிறேன். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. நீ உள்நோக்கத்தோடு செய்யவில்லை. அப்பா சொன்னது வேதம் என்று நம்பிச் செய்தாய், அதனால்தான் எனக்கு இத்தனை தாங்க முடியவில்லை. மார்க்கு லிஸ்ட் மாதிரி இல்லை உன் கையில் இருக்கிற லிஸ்ட். மார்க்கு காகிதத்தில் இருக்கிறது, யார் எழுதினாலும் மாறாது. கால் ஓடுவதை ஒருவன் நேரில் நின்று பார்த்தால்தான் உண்டு. பார்க்காமல் விட்டால் அது இருந்ததாகவே ஆகாது. அந்தக் கார்டு எந்த நாளில் எழுதப்பட்டது, எந்த நாளில் உங்கள் ஆபீஸைவிட்டுப் போனது, அதை அனுப்பியவர் யார், அவருக்கு இந்த வருஷம் சேர வேண்டிய பிள்ளையோ மருமானோ உண்டா என்றெல்லாம் நீ விசாரி என்று சொல்ல மாட்டேன். விசாரித்தாலும் ரிஜிஸ்தரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நீ பொறுக்கிய நான்கு பேரில் ஒருவன் இடம் போய்விடுமே என்று உனக்குக் கஷ்டமாக இருக்கும். போகலாம், போகாமலும் இருக்கலாம், ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் வருகிற வாரம் போனக்காடு போகிறேன். விதுரை வரை கரியில் ஓடுகிற பஸ் இருக்கிறது, அதற்குமேல் நடைதான். முழங்கால் சம்மதிக்காது, போகத்தான் வேண்டும். ஏசுவடியான் இன்னும் இருக்கிறார், கண் மங்கிவிட்டது என்று எஸ்டேட் லாரிக்காரன் ஒருவன் சொன்னான். முதலில் அவரிடம் போவேன். பிறகு அவர் பிள்ளையை அங்கே கூப்பிட்டு, இருவரையும் வைத்துக்கொண்டு சொல்வேன். அவன் என்னை அடித்தால் அடிக்கட்டும். பதினோரு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் வைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். கிழவர் கண்மூடுவதற்கு முன்னால் பிள்ளை அவரை ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டால் அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

நீ இதைப் படித்து முடித்ததும் என்மேல் கோபம் வரும். வரட்டும். எனக்குப் பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், நான் தபாலை எதிர்பார்த்து வாசலில் நிற்க மாட்டேன். ஆனால் அந்த ராமநாதபுரத்துப் பையனுக்கு இன்றே தந்தி அடி. நாளைக்கு என்று வைக்காதே. அவன் வந்து ஓடட்டும். தோற்றால் தோற்கட்டும். ஓடித் தோற்றுவிட்டு ஊருக்குப் போகிற பிள்ளை தன் அப்பாவோடு பேசுவான்.

உன் அப்பா.